ரிகர்வ் வில்லோட நியூசிலாந்து வேட்டைக்குப் போறீங்களா? அம்பும் ப்ராட்ஹெட்டும் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

மொதல்லயே சொல்லிடறேன், இது இந்தியாவுல இருக்கறவங்களுக்கான கட்டுரை இல்ல, அங்க 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கு, வேட்டை பக்கமே போகாதீங்க. நான் இருக்கறது மெல்போர்ன்ல. மூணு வருஷமா பேட்டைக்குள்ள இருக்கற க்ளப்ல ரிகர்வ் (நுனி ரெண்டும் முன்பக்கமா வளைஞ்ச வில்லு) அடிச்சிட்டு இருந்தேன், குறி பாக்கற சைட்டு கிடையாது, நாண விடற ரிலீஸ் கருவி கிடையாது, வில்லு, நாணு, மூணு விரலு அவ்ளோதான். நியூசிலாந்துல மானும் ஆடும் வெளிய இருந்து கொண்டு வந்து விட்ட மிருகங்கறதால காட்டுக்கே தொல்லைன்னு வேட்டைக்கு தாராளமா விடறாங்க, அதனால மொதல் வெளிநாட்டு ட்ரிப்பு அங்கதான்னு முடிவு பண்ணி, டிக்கெட்டெல்லாம் போட்டுட்டு, கெளம்ப ஒரு வாரம் இருக்கறப்ப புது ப்ராட்ஹெட்ட (பிளேடு வெச்ச வேட்டை முனை) மாட்டி அடிச்சுப் பாத்தா அம்பு மீன் மாதிரி வாலை ஆட்டிக்கிட்டே போய் டார்கெட்டுக்கு ஒரு முழம் தள்ளி வேலியில குத்திச்சு. அந்த ட்ரிப்ப அடுத்த வருஷத்துக்கு தள்ளிப்போட வேண்டியதாப் போச்சு, டிக்கெட்டு காசுல பாதி காலி. அந்தக் கஷ்டம் உங்களுக்கு வேண்டாம்.

1. வில்லு உண்மையில எத்தன பவுண்டுன்னு நீங்களே அளங்க

வில்லுல 50 பவுண்டுன்னு எழுதியிருக்கும். அது 28 இன்ச் இழுத்தா. நம்ம ஆளுங்க பாதிப் பேருக்கு கை அவ்ளோ நீளம் இல்ல. என் ட்ரா, அதாவது நாண நான் முழுசா இழுக்கற தூரம், 26.5 இன்ச்சுதான். இன்ச்சுக்கு சுமாரா ரெண்டரை பவுண்டு ஏறும் எறங்கும், அதனால என் கையில அந்த வில்லு 46தான். இத அளக்க கடைக்கெல்லாம் போக வேண்டாம், ஏர்போர்ட்டுக்கு பெட்டி எடை போடற கொக்கித் தராசு வீட்ல இருக்குமில்ல, அத நாணுல மாட்டி உங்க ட்ரா வரைக்கும் இழுத்தா போதும் (எந்த இடம்னு தெரிய ஒரு பழைய அம்புல டேப்பு ஒட்டிக்கோங்க).

இந்த நம்பர் எதுக்குன்னா, ஒவ்வொரு ஊருலயும் சட்டம் வேற. எங்க விக்டோரியாவுலயே சாம்பார் மானுக்கு, அதாங்க நம்ம ஊரு கடமான், வில்லு 50 பவுண்டுக்கு கொறையக் கூடாது, அம்பு ப்ராட்ஹெட்டோட சேத்து 26 கிராமுக்கு கொறையக் கூடாது. நான் மொதல்ல நமீபியாதான் போகணும்னு ஆசப்பட்டேன். அங்க அம்போட ஆற்றலுக்கு அளவு வெச்சிருக்காங்க, சின்ன மிருகத்துக்கு 25 அடி-பவுண்டு, நடுத்தரத்துக்கு 40, பெருசுக்கு 65. கணக்கு சுலபம்: அம்போட எடை கிரெயின்ல (அம்புக்காரங்க பயன்படுத்தற சின்ன எடை அளவு), அத வேகத்தால ரெண்டு தடவ பெருக்கி, 450240ஆல வகுக்கணும். என் அம்பு 505 கிரெயின், வேகம் நொடிக்கு 155 அடி, வர்றது 27. நமீபியாவுல சின்ன மிருகம் மட்டும்தான் அடிக்கலாம்! கப்பி வெச்ச காம்பவுண்டு வில்லுக்காரனுக்கு இது ஒரு விஷயமே இல்ல, நமக்குத்தான் அடி விழும். எந்த நாட்டுக்குப் போனாலும் இந்தக் கணக்க போட்டுப் பாத்துட்டு அப்புறமா அட்வான்ஸ் குடுங்க.

2. மொதல்ல முனையோட எடைய முடிவு பண்ணுங்க, அப்புறம் ஷாஃப்டு (அம்போட தண்டு)

எல்லாரும் பண்ற தப்பு இதுதான், நானும் பண்ணேன். கடையில போய் 500 ஸ்பைன் (ஷாஃப்டு எவ்ளோ வளையுங்கற அளவு) கார்பன் ஒரு டஜன் வாங்கி, 28 இன்ச்சுக்கு வெட்டி, 125 கிரெயின் ஃபீல்டு பாயின்ட் (பிளேடு இல்லாத பயிற்சி முனை) போட்டு அழகா ட்யூன் பண்ணிட்டேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சும்மா தச்சு வெச்ச மாதிரி குத்தும். அப்புறம் வேட்டைக்குன்னு 200 கிரெயின் ப்ராட்ஹெட் வாங்கினேன். முன்னாடி 75 கிரெயின் கூடிட்டா ஷாஃப்டு அதிகமா வளையும், அதாவது ஸ்பைன் வீக் ஆயிடும், அதுக்கு மேல பிளேடு வேற காத்த புடிச்சு தன் இஷ்டத்துக்கு இழுக்கும். வேலியில குத்தின கதை அதுதான்.

ஸ்பைன் நம்பர் பத்தி ஒரு வரி. கார்பன்ல நம்பர் கொறஞ்சா ஷாஃப்டு கெட்டி. 400ங்கறது 500 விட கெட்டி. மரத்துல தலைகீழ், அங்க பவுண்டு கணக்கு, 55-60ன்னு போட்டிருந்தா அந்த பவுண்டு வில்லுக்கு, நம்பர் கூடினா கெட்டி. இத குழப்பிக்கிட்டு தப்பா ஆர்டர் போட்டவங்கள எனக்குத் தெரியும்.

கடைசியா எனக்கு செட் ஆனது: 400 ஸ்பைன், 29 இன்ச், பித்தளை இன்செர்ட் (முனைய திருக ஷாஃப்டுக்குள்ள ஒட்டறது) 50 கிரெயின், ப்ராட்ஹெட் 175. ஷாஃப்டு 258, நாக்கு (நாணுல மாட்டற பின்பக்கத் துண்டு) 10, மூணு இறகும் சேத்து 12. கூட்டினா 505. என் 46 பவுண்டுக்கு பவுண்டுக்கு 11 கிரெயின் வருது. வேட்டைக்கு பவுண்டுக்கு 9ல இருந்து 11 வரைக்கும் வெச்சுக்கலாம், அதுக்குக் கீழ போனா வில்லும் சத்தம் போடும், அம்பும் உள்ள எறங்காது.

முன்பாரம், அதாவது அம்போட எடை எவ்ளோ முன்பக்கம் சாயுதுன்னும் பாத்துக்கோங்க. அம்ப விரல் மேல வெச்சு எங்க நிக்குதோ அங்க குறி போடுங்க. என்னுது நாக்குல இருந்து 20.5 இன்ச்சுல நின்னுச்சு, பாதி நீளம் 14.5, வித்தியாசம் 6, அத 29ஆல வகுத்தா 20 சதவீதத்துக்கு கொஞ்சம் மேல. 15க்கு மேல இருந்தாலே போதும். எட் ஆஷ்பினு ஒருத்தர் அம்பு ஊடுருவறத பத்தி ஆப்பிரிக்காவுல வருஷக்கணக்கா சோதிச்சவர், பெரிய எலும்பு ஒடைய 650 கிரெயின் வேணும்னு அவர் சொன்னத புடிச்சுக்கிட்டு சிலபேர் ஆட்டுக்கும் 700 கிரெயின் கட்டறாங்க. எருமைக்குப் போறீங்கன்னா சரி. செம்மானுக்கும் ஆட்டுக்கும் அவ்ளோ தேவையில்ல, 20 கஜத்துலயே அம்பு தேங்கா மாதிரி கீழ விழும்.

3. ஷாஃப்டு வெட்டறப்ப அவசரப்படாதீங்க

மொத்தமா 12ம் வெட்டாதீங்க. மூணு மட்டும் எடுத்து, முழு நீளத்துல, இறகு ஒட்டாம, வேட்டைக்கு போடப்போற அதே எடை முனையோட அடிச்சுப் பாருங்க. பக்கத்துல இறகு ஒட்டினது ஒன்னு ரெண்டு அடிங்க. 10 கஜம், அப்புறம் 15, அப்புறம் 20.

வலக்கைக்காரங்களுக்கு: இறகில்லாத அம்பு இடது பக்கம் போய் குத்தினா ஷாஃப்டு ரொம்ப கெட்டி, வலது பக்கம் போனா வீக். வீக்கா இருந்தா கால் கால் இன்ச்சா வெட்டிக்கிட்டே வாங்க, இல்லன்னா முனை எடைய கொறைங்க. கெட்டியா இருந்தா முனை எடைய கூட்டுங்க. இடக்கைக்காரங்க அப்படியே மாத்திக்கோங்க. மேல கீழ போறது ஸ்பைன் விஷயம் இல்ல, நாணுல நாக்கிங் பாயின்ட் (அம்ப மாட்டற இடம்) தப்பு: இறகில்லாதது கீழ குத்தினா நாக்கிங் பாயின்ட்ட எறக்குங்க, மேல குத்தினா ஏத்துங்க. அத மொதல்ல சரி பண்ணிட்டு அப்புறமா இடது வலது பாருங்க.

கார்பன ஆக்ஸா பிளேடால அறுக்காதீங்க, பைப் கட்டர் வேண்டவே வேண்டாம், நாரு பிரிஞ்சிடும். வேகமா சுத்தற அப்ரேஸிவ் வீல் உள்ள ரம்பந்தான். பெரும்பாலான க்ளப்புல ஒன்னு இருக்கும், கேட்டா வெட்டித் தருவாங்க. அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது, மாஸ்க் போடுங்க. இன்செர்ட்ட எபாக்ஸி போட்டு ஒட்டிட்டு ஒரு நாள் தொடாதீங்க.

இன்னொன்னு, ஒவ்வொரு தடவ அடிக்கறதுக்கு முன்னாடியும் கார்பன் அம்ப காதுகிட்ட வெச்சு லேசா வளைச்சுப் பாருங்க. கிரீச்சுன்னு சின்ன சத்தம் கேட்டாலும் ஒடிச்சு குப்பையில போடுங்க. விரிசல் விட்ட கார்பன் நாணுல இருந்து கெளம்பறப்பவே ஒடஞ்சு வில்ல புடிச்சிருக்கற கையில ஏறும்.

4. ப்ராட்ஹெட்: சிம்பிளா போங்க

மெக்கானிக்கல், அதாவது போய் பட்டதும் விரியற பிளேடு, நமக்கு வேண்டாம். விரியறதுக்கே நம்ம வில்லோட சக்தியில ஒரு பங்கு போயிடும். நெலையா நிக்கற பிளேடுதான்.

50 பவுண்டுக்குக் கீழ இழுக்கறவங்களுக்கு ரெண்டு பிளேடு. ஸ்விக்கி எஸ்கிமோ, மேக்னஸ் ஸ்டிங்கர் மாதிரி. உள்ள எறங்கறதுக்கு அதுதான் சுலபம். 55க்கு மேல வலுவா இழுக்கறவங்க விபிஏ, உட்ஸ்மேன் மாதிரி மூணு பிளேடு போடலாம், ஓட்டை பெருசு, ரத்தத் தடம் நல்லா விழும், தீட்டறதும் சுலபம், ரெண்டு பிளேட ஒரே நேரத்துல அரத்து மேல படுக்க வெச்சு தேய்ச்சா கோணம் தானா வந்துடும்.

சிங்கிள் பெவல்னு ஒரு மோகம் இப்ப. பிளேட ஒரு பக்கம் மட்டும் சரிவா தீட்டினது, உள்ள போறப்ப திருகிக்கிட்டே போகும், எலும்ப பிளக்கும். நல்லதுதான், ஆனா ஒரு பொறி இருக்கு: இறகு எந்தப் பக்கம் சுத்துதோ பெவலும் அதே பக்கம் இருக்கணும். வலது இறகுன்னா வலது பெவல். நான் பாக்கெட்ட சரியா படிக்காம இடது பெவல் வாங்கிட்டேன், மூணே மூணு முனை, விலை நூறு டாலருக்கு மேல, இன்னிக்கும் டப்பாவுல தூங்குது.

திருகு வெச்சதா, ஒட்டறதாங்கறதையும் பாருங்க. எஸ்கிமோ மாதிரி பழைய டிசைன் பலது ஒட்டற வகை, மரத்துக்கு செஞ்சது. கார்பன்ல போட அடாப்டர் வேணும். அலுமினியம் அடாப்டர் 42 கிரெயின் பக்கம் வரும், எஃகு 75, 100, 125ன்னு கெடைக்குது. 125 கிரெயின் முனைன்னு நெனச்சு வாங்கி 100 கிரெயின் அடாப்டர்ல ஒட்டினா அது 225, ரெண்டாவது படிக்கு திரும்பிப் போங்க. நகைக்கடைத் தராசு மாதிரி கிரெயின் காட்டற சின்ன டிஜிட்டல் தராசு 25 டாலருக்கு கெடைக்கும், ஒவ்வொன்னையும் அதுல வெச்சு எழுதிக்கோங்க. ஒட்டறதுக்கு ஹாட் மெல்ட் பசை, ஆனா சூடு காட்டறது முனைக்கும் அடாப்டருக்கும் மட்டும், கார்பன் மேல நெருப்பு படவே கூடாது.

ஒட்டினப்புறம் முனைய ஒரு கட்டை மேல ஊனி, பம்பரம் மாதிரி சுத்தி விடுங்க. ஆடாம நின்னா சரி. ஆடினா மறுபடி சூடு காட்டி திருப்புங்க. ஆடற முனைய எந்த ட்யூனிங்கும் காப்பாத்தாது.

5. தீட்டுங்க, இன்னும் தீட்டுங்க

பாக்கெட்ல வர்ற கூர்மை போதாது. அரம், அப்புறம் கல்லு, அப்புறம் தோல் பட்டை. கோணம் மாறாம இருக்க சக்கரம் வெச்ச கைடு ஒன்னு வாங்கிக்கோங்க, நான் ரெண்டு மாசம் வெறுங்கையில போராடி பிளேடுகள உருண்டையாக்கினதுதான் மிச்சம். பிளேடு ஓரத்துல மார்க்கர் பேனாவால கறுப்பு அடிச்சுக்கிட்டு ரெண்டு இழுப்பு இழுங்க, எங்க கறுப்பு போகலையோ அங்க கல்லு படலன்னு அர்த்தம்.

போதுமான்னு பாக்க முன்கை முடிய வழிச்சுப் பாக்கறது ஒரு வழி. ஒரு மாசம் இடது கை மொட்டையா ஆபீஸ் போனேன், மீட்டிங்ல ஒருத்தர் ஏதாவது தோல் வியாதியான்னே கேட்டுட்டார். ரப்பர் பேண்ட லேசா இழுத்துக் கட்டி பிளேட அதுமேல சும்மா வெச்சுப் பாக்கறது நல்ல வழி, அழுத்தாமலே அறுந்தா சரி. கார்பன் எஃகு ஒரே மழையில துரு புடிக்கும், தீட்டினதும் மெல்லிசா வாசலின் தடவிடுங்க.

பயிற்சிக்கு அடிக்கற ப்ராட்ஹெட் வேற, மிருகத்துக்கு எடுத்துட்டுப் போற ப்ராட்ஹெட் வேற. ஆனா அதே பிராண்டு, அதே எடை. ஒவ்வொரு வேட்டை அம்பையும் ஒரு தடவையாவது ப்ராட்ஹெட் மாட்டி அடிச்சுப் பாத்துட்டு, நம்பர் எழுதி, திரும்பத் தீட்டி வைங்க. பன்னெண்டுல ரெண்டு மூணு காரணமே இல்லாம வேற எங்கயோ போகும், அத பயிற்சிக்கு ஒதுக்கிடுங்க.

6. இறகு, மரம், பூட்ஸ்: ஏர்போர்ட்ல மாட்டறது இங்கதான்

நான் பயந்தது பிளேடுக்கு. ஏழு பிளேட பெட்டியில வெச்சுக்கிட்டு என்னென்ன கேப்பாங்களோன்னு ராத்திரி தூக்கமே இல்ல. கிறைஸ்ட்சர்ச்ல பயோசெக்யூரிட்டி ஆபீசர் அம்மா பிளேட ஏறெடுத்தும் பாக்கல. அவங்க கேட்டது "இது என்ன பறவையோட இறகு?" வான்கோழி, சாயம் போட்டது, கடையில வாங்கினதுன்னு சொன்னேன், ஒவ்வொரு அம்பையும் லைட்டுக்கு நேரா புடிச்சு இறகு அடியில பூச்சி, அழுக்கு ஏதாவது இருக்கான்னு திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. அப்புறம் பூட்ஸ கவுத்துப் போட்டு, அடியில பள்ளத்துல இருந்த ஒரு துளி மண்ண ஊசியால நோண்டி எடுத்தாங்க. பத்து நிமிஷம். விட்டுட்டாங்க.

விட்டதுக்குக் காரணம் நான் எல்லாத்தையும் டிக்ளேர் பண்ணிருந்தேன். பண்ணலன்னா அங்கயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். இறகு, மர அம்பு, வேட்டைக்கு போட்ட பூட்ஸ், டென்ட்டு, முதுகுப்பை எல்லாத்துக்கும் ஆமான்னு போடுங்க. சந்தேகமா இருந்தாலும் ஆமா. மர அம்பு கொண்டு போறவங்க பட்டை ஒட்டிக்கிட்டு இல்லாம, ஓட்டை எதுவும் இல்லாம பாத்துக்கோங்க. காட்டுக் கோழி இறகு, நீங்களே பொறுக்கினது, அதெல்லாம் வீட்லயே வெச்சிடுங்க. இறகு வாங்கின ரசீத போன்ல படம் புடிச்சு வெச்சிருந்தேன், அத காட்டினதும் பேச்சு சீக்கிரம் முடிஞ்சுது.

இறகுக்கு பதிலா பிளாஸ்டிக் வேன் போட்டா என்னன்னு கேப்பீங்க. வில்லோட ஷெல்ஃப்ல (கைப்பிடிக்கு மேல அம்பு உக்கார்ற திட்டு) நேரா வெச்சு அடிக்கறவங்களுக்கு ஆகாது, உரசி அம்ப தூக்கி எறியும். இறகுதான். அங்க மழை எப்ப வேணா வரும், நனஞ்ச இறகு கோழிக்குஞ்சு மாதிரி ஒட்டிக்கும், அதனால நீர் புடிக்காத பவுடர் ஒரு டப்பா, அம்புக்கூட்டுக்கு மேல மாட்ட ஒரு பிளாஸ்டிக் பை.

7. பேக்கிங்

மூணு துண்டா கழட்டற வில்லுன்னா பெட்டியிலயே அடங்கும், ஒரே துண்டு லாங்போன்னா நீளமான குழாய் வேணும், ஏர்லைன்ஸ்கிட்ட முன்னாடியே கேட்டுக்கோங்க. வில்லு, அம்பு, பிளேடு மூணுமே செக்-இன் பெட்டியிலதான், கையில கொண்டு போற பையில ஒரு ஃபீல்டு பாயின்ட் கூட இருக்கக் கூடாது, பழைய பை ஜிப்புக்குள்ள ஒன்னு தங்கியிருக்கும் தேடுங்க. ப்ராட்ஹெட்ட கழட்டி, கெட்டி டப்பாவுல, ஒன்னோட ஒன்னு உரசாம வைங்க. பெட்டிய தொறக்கற ஊழியர் கைய கிழிச்சிடக் கூடாது.

ட்யூன் பண்ணின அம்பு ஒரு டஜன், கூடுதலா ரெண்டு நாணு, அத வீட்லயே நூறு அம்பாவது அடிச்சு இழுவை விட்டு வெச்சதா இருக்கணும். பசை, சின்ன அரம், கல்லு. மூணு ஃபீல்டு பாயின்ட், போய் எறங்கினதும் வில்லு சரியா இருக்கான்னு அடிச்சுப் பாக்க.

8. பேப்பர்

ஆஸ்திரேலியா பாஸ்போர்ட்டுன்னா விசா எதுவும் வேண்டாம். ஆஸ்திரேலிய பிஆர் (நிரந்தரமா தங்கற உரிமை) மட்டும் வெச்சுக்கிட்டு இந்திய, இலங்கை பாஸ்போர்ட்ல போறவங்க என்இசட்இடிஏங்கற ஆன்லைன் பயண அனுமதி எடுக்கணும், ஆப்ல 17 நியூசிலாந்து டாலர், வெப்சைட்ல 23, மூணு நாள் ஆகலாம், பிஆர்காரங்களுக்கு சுற்றுலா வரி கெடையாது. ஸ்டூடன்ட் விசா, வேலை விசாவுல இருக்கற இந்திய பாஸ்போர்ட்காரங்க முறையான விசிட்டர் விசா போடணும், அதுக்கு வாரக்கணக்குல நேரம் விடுங்க. எல்லாருமே பயணத்துக்கு 24 மணி நேரம் முன்னாடில இருந்து டிராவலர் டிக்ளரேஷன் ஆன்லைன்ல போடணும். அது ஃப்ரீ, காசு கேக்கற சைட்டு போலி.

அரசாங்க நெலத்துல வேட்டைக்கு அங்க இருக்கற கன்சர்வேஷன் துறை, எல்லாரும் டாக்னு சொல்றாங்க, அவங்க பெர்மிட் வேணும். அதுவும் ஃப்ரீ, ஆன்லைன். எந்தப் பகுதின்னு பாத்து தேர்ந்தெடுங்க, செம்மான் கத்தற சீசன்ல சில பிளாக்குகள குலுக்கல்ல குடுப்பாங்க. தனியார் பண்ணைன்னா சொந்தக்காரர் அனுமதிய எழுத்துல வாங்கிக்கோங்க, வாட்ஸ்அப் மெசேஜ் இருந்தாலும் பரவால்ல.

9. எப்ப, எவ்ளோ

செம்மான் கத்தறது மார்ச் கடைசில இருந்து ஏப்ரல் நடு வரைக்கும். அப்ப துப்பாக்கிக்காரங்களும் காடு பூரா இருப்பாங்க, ஆரஞ்சு சட்டை இல்லாம உள்ள போகாதீங்க. மொதல் தடவ போறவங்க மார்ல்பரோ பக்கம் ஆட்டுக்கு போங்கன்னுதான் நான் சொல்வேன், ஆடு எக்கச்சக்கம், கூட்டம் இல்ல, நாலஞ்சு தடவ கிட்டப் போய் தோத்து கத்துக்கலாம். அவசர உதவிக்கு சிக்னல் அனுப்பற பீக்கன் வாடகைக்கு கெடைக்கும், எடுத்துக்கோங்க, பல பள்ளத்தாக்குல போன் வேலை செய்யாது.

ஏப்ரல் ட்ரிப்புன்னா நவம்பர்ல முனை வாங்கணும், டிசம்பர்ல ஷாஃப்டு ட்யூனிங், ஜனவரில ப்ராட்ஹெட் அடிச்சு சரிபாக்கறது, பிப்ரவரிக்கு அப்புறம் எதையும் மாத்தக் கூடாது. எனக்கு ரெண்டாவது தடவ அம்பு சமாச்சாரம் மட்டும் 420 ஆஸ்திரேலிய டாலர் ஆச்சு: ஷாஃப்டு 160, ப்ராட்ஹெட் ரெண்டு பாக்கெட் 130, இன்செர்ட்டு இறகு பசை எல்லாம் 70, தீட்டற சாமான் 60. மொதல் தடவ வீணாப் போனது இதுல சேக்கல, வீட்ல யாரும் படிக்கக் கூடாதுன்னு.

10. திரும்பி வர்றப்ப

நாலாவது நாள் சாயங்காலம் 14 கஜத்துல ஒரு கிடா நின்னுச்சு, பக்கவாட்டா, முன்கால் ஒரு அடி முன்னாடி வெச்சு. அம்பு அந்தப் பக்கம் வெளிய வந்து ஒரு மனுக்கா புதர்ல குத்திக்கிட்டு ஆடிச்சு. அரை மணி நேரம் காத்திருந்து போய்ப் பாத்தேன், அறுபதடிக்குள்ளயே கெடந்துச்சு. ஏழாம் நம்பர் அம்பு. ரத்தம் காஞ்ச இறகோட அப்படியே ஞாபகத்துக்கு கொண்டு வந்து மாட்டணும்னு ஆசை. அப்படி கொண்டு வந்தா மெல்போர்ன் ஏர்போர்ட்ல போயே போச்சு, அங்கயும் இறகு, கொம்பு, மண்ணு எல்லாம் டிக்ளேர் பண்ணணும், எதுலயும் ரத்தமோ சதையோ ஒட்டியிருக்கக் கூடாது. அதனால மோட்டல் சிங்க்ல வெதுவெதுப்பான தண்ணியும் பாத்திரம் கழுவற சோப்பும் போட்டு ஒரு பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சேன். இறகு சுருங்கிடுச்சு. கெட்டில் ஆவில காட்டினேன், பழையபடி நிமிந்துக்கிச்சு.